கடைமடையிலிருந்து ஒரு பதில்

பட்டர்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அப்பாவின் பூர்வீகம் ராமநாதபுரம் மாவட்டத்தில் பரமக்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம். இந்த வருடம்தான் முதல்முறையாகப் போயிருக்கிறீர்கள். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு பெண்கள் தண்ணீருக்கு அலைவதைப் பார்த்து மனசு கேட்கவில்லை. ஏன் இப்படி என்றதற்குப் பெரியப்பா, "மழை இல்லை, அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார். ஊர் திரும்பினால் உங்கள் தாமான் குடியிருப்பிலும் குழாயில் காற்றுதான் வந்தது. இவ்வளவு மழை பெய்கிற பினாங்கிலேயே தண்ணீர் நிற்கிறது என்றால் பெரியப்பா சொன்னது எப்படிச் சரியாகும், வறண்ட ஊரில் தண்ணீர் இல்லாமல் போவதில் இயற்கையின் பங்கு எத்தனை சதவீதம், மனிதரின் பங்கு எத்தனை சதவீதம் என்பது உங்கள் கேள்வி.

சதவீதம் கேட்டாலும் நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் படுகிறது. யார் மேல் குற்றம், அதைச் சரிசெய்ய வழி உண்டா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவன். படிப்பின் கடைசி இரண்டு கோடைகள் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளை, அளவெடுக்கப் போனேன். அதன்பின் 29 வருடம் பினாங்கில் ஆற்று நீர்மட்டம், பம்பு, குழாய் என்றே வேலை. பயிர் விஷயம் என் துறை அல்ல, அதற்குள் அதிகம் போகமாட்டேன்.

முதலில் உங்கள் பெரியப்பாவின் வாதம். ராமநாதபுரத்தில் வருடத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்கிறது. லண்டனில் பெய்வது 600 மில்லிமீட்டர் அளவுதான். லண்டனை யாரும் வறண்ட ஊர் என்று சொல்வதில்லை. காரணம், அங்கே மழை வருடம் முழுக்கத் தூறலாகப் பிரிந்து பெய்கிறது, வெயிலும் குறைவு. ராமநாதபுரத்தில் பெரும்பகுதி மழை ஐப்பசியிலும் கார்த்திகையிலும், அதுவும் சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் வெயில் இருக்கிற ஈரத்தையும் எடுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஒரு ஊர் வறண்டதா என்று பார்க்க நாங்கள் மழையை மட்டும் பார்ப்பதில்லை. வெயிலும் காற்றும் ஒரு வருடத்தில் எவ்வளவு நீரை ஆவியாக்க முடியுமோ அந்த அளவால் மழையை வகுப்போம். விடை 0.2-க்கும் 0.5-க்கும் நடுவில் வந்தால் அது பாதி வறண்ட பகுதி. ராமநாதபுரம் அதில் அடங்கும். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, இதை எந்த அரசும் மாற்ற முடியாது. பெரியப்பா இந்த அளவுக்குச் சரி.

ஏன் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அந்த மூன்று மாதத்தில்தான் பெரும்பகுதி மழை? தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளத்துப் பக்கமே இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் வருவது உலர்ந்த காற்று. வடகிழக்குக் காற்று வங்கக் கடலைத் தாண்டி வரும்போதுதான் ராமநாதபுரத்துக்கு விடிவு. வேடிக்கை என்னவென்றால், நமக்கு நேர்மாறு. அதே வடகிழக்குக் காற்று மலேசியாவின் கிழக்குக் கரையில் கிளந்தான், திரங்கானுவில் வெள்ளத்தைக் கொடுத்துவிட்டு, தித்திவாங்சா மலையைக் கடந்து பினாங்குக்கு வரும்போது காய்ந்துபோய் வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நமக்கு மழை குறைவது அதனால்தான். தண்ணீர்மலைக் கோயில் சாலையில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போடுகிற அதே நாட்களில்தான் ஆற்று மட்டத்தைப் பார்த்துக்கொண்டு நான் தூக்கம் கெட்டிருப்பேன். பந்தலில் மோர் ஊற்றுகிறவர்களுக்கு அது தெரியாது, தெரியவும் தேவையில்லை.

பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகிற எல் நினோவும் இப்படித்தான் ஊருக்கு ஒரு முகம் காட்டும். அந்த ஆண்டுகளில் மலேசியாவில் பெரும்பாலும் வறட்சி. 1998-ல் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் முறை வைத்துத் தண்ணீர் விட்டது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கோ எல் நினோ பெரும்பாலும் நல்லதையே செய்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது ஒரு பெரிய எல் நினோ ஆண்டில். 'பெரும்பாலும்' என்று இரண்டு இடத்திலும் சொல்லியிருக்கிறேன், கவனியுங்கள். இது ஒரு சாய்வு, விதி அல்ல.

சரி, 800 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு தண்ணீர்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். உங்கள் பெரியப்பா வீட்டு மொட்டைமாடி 100 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 80,000 லிட்டர் விழும். சிந்தியது, தெறித்தது, முதல் மழையில் மாடி கழுவியது என்று ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளினாலும் 64,000 லிட்டர் மிஞ்சும். ஐந்து பேர் ஆளுக்கு 35 லிட்டர் செலவழித்தால் கிட்டத்தட்ட ஒரு வருடம் முழுக்க வரும். குடிக்க, சமைக்க, சிக்கனமாகக் குளிக்க அது போதும். அதே அளவு கூரை பினாங்கில் இருந்தால் 2,400 மில்லிமீட்டர் மழையில், அதே கழிவு போக, 192,000 லிட்டர். மூன்று மடங்கு. ஆனால் இங்கே ஒரு ஆள் ஒரு நாளைக்கு வீட்டில் செலவழிப்பது சுமார் 280 லிட்டர். நாட்டிலேயே அதிகமாகச் செலவழிக்கிறவர்களில் நாமும் உண்டு. ஐந்து பேர் என்றால் நாலரை மாதத்தில் தீர்ந்துவிடும். மழை அதிகம் பெய்கிற ஊரில் கூரைத் தண்ணீர் போதவில்லை, குறைவாகப் பெய்கிற ஊரில் போதுகிறது. இங்கே தண்ணீர்க் கட்டணம் நீண்ட காலமாக நாட்டிலேயே மிகக் குறைவானவற்றில் ஒன்று என்பதும் ஒரு காரணம் என்பேன். மலிவாக வருவதை யார் அளந்து பயன்படுத்துவார்கள்?

ஆனால் இந்தக் கூரைக் கணக்கை அப்படியே நம்பி ஊருக்குப் போய்ப் பேசிவிடாதீர்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மழை மூன்று மாதத்தில் வருகிறது, செலவு பன்னிரண்டு மாதமும் நடக்கிறது. மீதி ஒன்பது மாதத்துக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்க 47,000 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். நாலு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரத்தில் ஒரு அறையை வழிய வழிய நிரப்புவது போல. காரை வீடு கட்டவே கடன் வாங்குகிறவர் அதை எப்படிக் கட்டுவார்? தமிழ்நாட்டில் 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். நல்ல சட்டம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது தண்ணீரைத் தரைக்குள் இறக்குகிற குழியாகத்தான் இருக்கிறது. நிலத்தடி நீர் நன்றாக உள்ள ஊரில் அது பலன் தரும். ராமநாதபுரத்தின் கடலோரப் பகுதியில் தோண்டினால் வருவது பல இடங்களில் உப்புநீர். அதற்குள் நல்ல தண்ணீரை இறக்கினால் திரும்பி எடுப்பது சுலபமில்லை.

இங்கேதான் என் துறையின் முக்கியமான கேள்வி வருகிறது: மழை நின்ற பிறகு எத்தனை நாள் தாக்குப்பிடிக்க வேண்டும்? அந்த எண்ணை இயற்கை நிர்ணயிக்கிறது. தாக்குப்பிடிக்கிறோமா இல்லையா என்பது மனிதர் கையில். உங்கள் ஊரில் அந்த எண் எட்டு ஒன்பது மாதம். பழைய ஆட்கள் அதற்கு இரண்டு விடை வைத்திருந்தார்கள். வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. கண்மாய் அகலமானது, ஆழம் குறைவு. திறந்த நீரிலிருந்து அங்கே நாளுக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகும் என்று குறைத்தே வைத்தாலும் ஒன்பது மாதத்தில் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் போய்விடும். ஒன்றரை மீட்டர் தண்ணீர் நிற்கிற கண்மாயைக் கோடை வரை அப்படியே வைத்திருந்தால் மிஞ்சுவது சேறு. அதனால் கண்மாய்த் தண்ணீரை தை மாசிக்குள் நெல்லாக மாற்றிவிடுவார்கள். ஊருணியைச் சிறிதாகவும் ஆழமாகவும் வெட்டினார்கள், வெயில் படும் பரப்பு குறையட்டும் என்று. ஊருணியில் கால் கழுவக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று கட்டுப்பாடு. சில ஊர்களில் அதே கட்டுப்பாட்டோடு இன்னொன்றும் இருந்தது: இந்தத் தெருக்காரர் மொள்ளலாம், அந்தத் தெருக்காரர் மொள்ளக்கூடாது. பழைய நீர் மேலாண்மையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். ஊருணி நிறையத் தண்ணீர் இருந்தும் ஒருவர் தாகத்தோடு திரும்பினார் என்றால் அதை எந்த மழைமானி அளக்கும்?

கண்மாய்க்கு வருவோம். அது தனியாக நிற்கிற குளம் என்று நினைக்காதீர்கள். மேலூர்க் கண்மாய் நிரம்பி, மிகுதி நீர் வெளியேறும் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. தமிழ்நாட்டில் இப்படி 39,000-க்கு மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. இதில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே இருக்கிற அத்தனை ஊரும் காயும், வானத்தில் குறையே இல்லாவிட்டாலும். நான் அளவெடுக்கப் போன ஒரு கிராமத்தில் நீர்ப்பாய்ச்சி ஒருவர் இருந்தார், மடை திறப்பது மூடுவது அவர் பொறுப்பு. அவருக்கு அறுவடையில் நெல்லாகப் பங்கு கொடுப்பது வழக்கம். எங்கள் கருவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கண்மாயை அளந்து என்ன செய்வீங்க, காலை அளங்க" என்றார். கால் என்று அவர் சொன்னது வரத்துக்காலை. மூன்று கிலோமீட்டர் நடந்தோம். ஒரு இடத்தில் வாய்க்கால் மண்மேடாகி அதன்மேல் களம் போட்டிருந்தார்கள். இன்னொரு இடத்தில் சாலை போட்டவர்கள் பாலத்துக்குப் பதில் இரண்டு சிறிய குழாயைப் புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மீதி இடமெல்லாம் சீமைக்கருவேலம். அந்த வருடம் மழை சராசரிக்கு மேல், கண்மாயில் முழங்கால் தண்ணீர்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊரில் எல்லோரும் அதைத்தான் திட்டியிருப்பார்கள். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சி மழையையே விரட்டுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அதற்கு நம்பும்படியான ஆதாரத்தை நான் பார்த்ததில்லை. வேர் மிக ஆழமாகப் போகும் என்பது உண்மை. அதனால் ஒரு ஊரின் நிலத்தடி நீர் எவ்வளவு குறையும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை, மண்ணையும் நீர்மட்டத்தின் ஆழத்தையும் பொறுத்தது. நிச்சயமான கெடுதல் எளிமையானது: கண்மாய்க்குள்ளும் காலுக்குள்ளும் புதராக மண்டி ஓட்டத்தை மறிக்கிறது, வண்டலைப் பிடித்து வைக்கிறது. அதே மரத்தை வெட்டிக் கரி மூட்டம் போட்டுத்தான் அந்த மாவட்டத்தில் பல குடும்பங்கள் சாப்பிடுகின்றன. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பெரிய விஷயம் உங்கள் ஊர் இருக்கும் இடம். வைகை மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து தேனி, மதுரை, சிவகங்கை என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வருகிறது. அதாவது நீங்கள் கடைமடைக்காரர், கடைசியாகத் தண்ணீர் பெறுகிறவர். 1895-ல் முல்லைப்பெரியாறு அணை கட்டி, மேற்கே ஓடிய ஆற்றைச் சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திருப்பினார்கள். மதுரைப் பக்கத்து வயல்களுக்கு அது உயிர். 1959-ல் வைகை அணை வந்தது. மேலே அணை, அதற்கும் மேலே மாநிலங்களுக்கிடையே வழக்கு, நடுவில் ஒரு மாநகரம். கடைமடைக்கு வரும் தண்ணீர் எத்தனை பேர் முடிவைத் தாண்டி வர வேண்டும் என்று பாருங்கள். இன்று ராமநாதபுரத்தின் குடிநீரில் பெரும்பகுதி வைகையிலிருந்துகூட வருவதில்லை. திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்து நூற்றுக்கு மேற்பட்ட கிலோமீட்டர் குழாயில் கொண்டுவருகிறார்கள். அந்தக் குழாயிலும் உங்கள் கிராமம் கடைசி முனை என்றால், நடுவில் ஒரு உடைப்பு, ஒரு நாள் மின்வெட்டு, யாரோ ஒருவரின் திருட்டு இணைப்பு, எதுவும் போதும். அப்புறம் தள்ளுவண்டிதான்.

இப்போது நம் வீட்டைப் பார்ப்போம். பினாங்குக்கு வரும் தண்ணீரில் ஐந்தில் நாலு பங்கு மூடா ஆற்றுத் தண்ணீர். அந்த ஆறு பிறப்பது பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடா காட்டில். மேலே மூடா அணையில் தேங்கும் தண்ணீரைச் சுரங்கம் வழியாகப் பெடு அணைக்குத் திருப்பி ஏறக்குறைய 100,000 ஹெக்டேர் நெல்லுக்குக் கொடுக்கிறார்கள். மீதி ஓடிவந்து எல்லையைத் தொடும்போதுதான் நாம் பம்பு வைத்து எடுக்கிறோம். காட்டைக் காப்பதற்கும் தண்ணீர் கொடுப்பதற்கும் வருடத்துக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கெடா கேட்க, ஆறு எங்கள் எல்லையிலும் ஓடுகிறது, கொடுக்கமாட்டோம் என்று பினாங்கு சொல்ல, அந்தப் பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. நான் யார் பக்கமும் பேசவில்லை. நீங்களும் நானும் இங்கேயும் கடைமடைக்காரர்கள் என்று மட்டும் சொல்கிறேன். உங்கள் பெரியப்பாவுக்குத் தெரிந்தால் சிரிப்பார்.

நமக்குத் தாக்குப்பிடிக்க எத்தனை நாள்? மாநிலத்தின் பெரிய அணை மெங்குவாங். விரிவாக்கத்துக்குப் பிறகு 8,640 கோடி லிட்டர் கொள்ளும். மாநிலம் நாளுக்குச் செலவழிப்பது 90 கோடி லிட்டரை ஒட்டி. அணை நிரம்பியிருந்தால், வேறு எதுவுமே இல்லாவிட்டாலும், கணக்குப்படி மூன்று மாதம். ஆனால் அந்த அணை நிரம்புவதே பெரும்பாலும் மூடா ஆற்றிலிருந்து பம்பு செய்துதான், அதனால் ஆறு நோயில் விழுந்தால் அணையும் விழும். தீவுக்குள் இருக்கிற ஆயர் ஈத்தாம் அணை 1962-ல் திறந்தது, கொள்ளளவு 216 கோடி லிட்டர்தான். தீவு கருங்கல் மலை, ஆறுகள் நீளம் குறைந்தவை, பெய்த மழை சில மணி நேரத்தில் கடலுக்குப் போய்விடும். மழை நாட்டில் இருக்கிறோம் என்ற நிம்மதி அந்த மூன்று மாதம் வரைதான் செல்லும்.

உங்களுக்குத் தண்ணீர் நின்றதற்கு வறட்சி காரணமா என்று தெரிய, உங்கள் பகுதிக்கு வந்த அறிவிப்பைப் பாருங்கள். இங்கே நிற்பது பல தடவை வறட்சியால் அல்ல. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை கிட்டத்தட்ட 590,000 குடிநீர் இணைப்புக் கணக்குகளுக்குத் தண்ணீர் பாதிக்கப்பட்டது, சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலையில் 1.2 மீட்டர் விட்டமுள்ள இரண்டு வால்வுகளை மாற்றுவதற்காக. ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சிலாங்கூரில் 2020 செப்டம்பரில் ஆற்றில் கழிவு கலந்ததால் நாலு ஆலைகளை மூடினார்கள், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கணக்குகள் காய்ந்தன. நாடு முழுக்கச் சுத்தம் செய்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கசிவு, திருட்டு, பழைய மீட்டர் என்று வருமானமில்லாமல் போகிறது. பினாங்கில் அது குறைவு என்பதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

உறுதியில்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன், அடிக்கடி கேட்பார்கள். ஒன்று, செயற்கை மழை. ஈரமுள்ள மேகம் ஏற்கெனவே இருந்தால்தான் அதில் உப்பைத் தூவிப் பலன் பார்க்கலாம். தூவாவிட்டாலும் பெய்திருக்குமா என்று நிரூபிப்பது கடினம். வறட்சியின் உச்சத்தில் மேகமே இருக்காது, அப்போதுதான் எல்லோரும் விமானம் எங்கே என்று கேட்பார்கள். இரண்டாவது, காட்டை வெட்டினால் ஆறு வற்றும் என்பது. வண்டல் கூடும், வெள்ளம் திடீரென்று வரும், இவை நிச்சயம். வருடத்தின் மொத்த ஓட்டம் காடு அழிந்த முதல் சில வருடங்கள் கூடவும் செய்யலாம், ஏனென்றால் மரங்கள் குடித்த தண்ணீரும் ஆற்றுக்கு வருகிறது. கோடை ஓட்டம் குறையுமா என்பது மண் எவ்வளவு கெட்டது என்பதைப் பொறுத்தது. உலு மூடாவை வெட்டக்கூடாது என்றே நானும் சொல்வேன், வண்டல் ஒன்றே போதுமான காரணம்.

சதவீதத்துக்கு வருகிறேன். பெய்த மழை, அதில் காலுக்கு வந்தது, அதில் கண்மாயில் நின்றது, அதில் வெயிலுக்குத் தப்பியது, அதில் உங்கள் தெருவுக்கு விட்டது. இது கூட்டல் கணக்கு இல்லை, பெருக்கல். பத்துக் குடம் மழையில் ஒவ்வொரு படியிலும் பாதி போனால் ஐந்தாவது படியில் ஒரு குடம்கூடத் தேறாது. எந்தப் படியில் பூச்சியம் வந்தாலும் விடை பூச்சியம். அதனால் இயற்கை அறுபது, மனிதர் நாற்பது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மழை பாதியான வருடத்தில் மற்ற நான்கு படிகளும் சரியாக இருந்தால் பாதித் தண்ணீராவது வரும். பெரியப்பா சொன்னது முதல் படி மட்டும்.

அடுத்த முறை ஊருக்குப் போனால், கண்மாய் கடைசியாக எந்த வருடம் மறுகால் பாய்ந்தது என்று அவரிடம் கேளுங்கள். வருடத்தைச் சொல்லிவிடுவார், அதெல்லாம் அவர்களுக்கு மறக்காது. பிறகு அதற்கப்புறம் நல்ல மழை பெய்த வருடங்கள் எவை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மழை பெய்தும் மறுகால் பாயாத வருடங்கள் இரண்டு மூன்று தேறினால் காலையில் வெயில் ஏறும் முன் வரத்துக்காலை ஒட்டி மேற்கே நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று படம் எடுத்து இங்கே போடுங்கள், நான் பார்க்கிறேன்.